உத்தமன் நாலு இடத்தில் ரத்தம் கொடுத்த கதை

உத்தமனுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. ஆஸ்டின் டவுனில் அவர் குடியிருக்கும் தெருவுக்கே அது தெரியும். ரிஜிஸ்தர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் குறைந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் பதினோரு கல்யாணங்களுக்கு அவர் சாட்சி. அதில் ஐந்து ஜோடிகளின் பெயர்கூட அவருக்கு ஞாபகமில்லை. கேரம் போர்டில் நாலாவது கை, சாவு வீட்டில் நாலாவது தோள், அசோசியேஷன் கூட்டம் நடக்கத் தேவையான எண்ணிக்கைக்குக் கடைசித் தலை, எல்லாம் அவர்தான்.

"ஆளு கொறையுதுன்னு வந்து நிக்கிறாங்க, இன்னா பண்றது" என்பார். அவர் மனைவி சரளா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். தைத்து வரும் சட்டைகளில் கோணல் தையலைக் கண்டுபிடித்துத் தள்ளுவது அவர் வேலை. நாளொன்றுக்கு அறுநூறு சட்டையைத் தள்ளவோ ஏற்கவோ செய்கிறவருக்கு, எதையுமே தள்ளத் தெரியாத ஒரு புருஷன் வாய்த்திருந்தார்.

உத்தமன் வேன் டிரைவர். ஒன்பது வருஷம் ஒரு பேக்கரிக்கு கேக் ஏற்றிக்கொண்டு போனார். கேக் உடையாமல் பள்ளம் மேடு தாண்டத் தெரிந்தவர் என்ற நற்பெயரால், மல்லேஸ்வரத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு மையத்தில் அவரை எடுத்துக்கொண்டார்கள். அங்கே அவர் கொண்டுபோக வேண்டியது ஐஸ் பெட்டிகளில் அடைத்த ரத்தக் குழாய்கள்.

மையத்தின் வேலை இதுதான். அடுகோடி, ஹெப்பாள், ஜாலஹள்ளி, பனசங்கரி என்று ஊரின் நாலு மூலையில் நாலு ஆய்வகங்கள். ஒவ்வொன்றும் நம் ஜனங்களிடம் ரத்தம் வாங்கி, அதிலிருந்து மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, ஒரு மனிதருக்கும் இன்னொரு மனிதருக்கும் எங்கெங்கே எழுத்து மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. தனித்தனியாக வைத்திருந்தால் நாலும் சின்னச் சின்னக் குவியல். ஒன்றாகச் சேர்த்து, நாட்டில் யார் வேண்டுமானாலும் வந்து தேடிப் பார்க்கும்படி ஒரு பொதுக் கிடங்கு கட்டினால் பெரிய விஷயம். அதைக் கட்டத்தான் மையம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஆண் என்பதை அடுகோடி M என்று எழுதியது. ஹெப்பாள் 1 என்று எழுதியது. ஜாலஹள்ளிக்கு அதே ஆண் 0. பனசங்கரி Male என்று முழுதாக எழுதி, யார் கை பட்டதோ, ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு காலி இடம் விட்டிருந்தது. அந்தக் காலி இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஸ்ரீரஞ்சனிக்கு இரண்டு மாதம் போனது. ஸ்ரீரஞ்சனி மயிலாடுதுறையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, பிறகு மையத்தில் தரவுப் பொறுப்பாளராகச் சேர்ந்தவர். நாலு ஆய்வகங்களும் ஒரே படிவத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் சொன்னபோது நாலு பேரும் மனதார ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரே படிவம் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொருவருக்கும் நிபந்தனை.

தரவு வந்து சேர்வதும் உத்தமன் தலையில்தான் விழுந்தது. அடுகோடியிலிருந்து மல்லேஸ்வரத்துக்குக் கம்பி வழியாக அனுப்பினால் பத்தொன்பது நாள் ஆகும், அதுவும் அந்த லைனை வேறு யாரும் தொடாமல் இருந்தால், என்று நெட்வொர்க் பார்க்கும் கிரண் சொன்னார். உத்தமனின் வேனுக்கு ஒரு மணி பத்து நிமிஷம். ஆகவே தரவை ஹார்ட் டிஸ்குகளில் ஏற்றி, பெட்டியில் பஞ்சு வைத்து, அவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

"உத்தமன், டேட்டா எங்க இருக்கு?" என்று கிரண் போனில் கேட்பார்.

"அடுகோடி சிக்னல்ல நிக்குது சார். முன்னாடி ஒரு கல்யாண வண்டி, பூ அவுந்து கட்டிக்கினு இருக்கான்."

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர், ஆய்வகங்களுக்கிடையே எந்த முறையில் தரவு அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். கிரண் கூச்சப்படாமல் "உத்தமன்" என்றார். விருந்தாளி எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டு போனார்.

இப்படிச் சுற்றி வருகையில்தான் அது நடந்தது. அடுகோடி ஆய்வகம் தமிழ் பேசும் குடும்பங்களிலிருந்து முந்நூறு பேர் ரத்தம் சேர்த்துக்கொண்டிருந்தது. கடைசி நாள், இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டது. அங்கே ரத்தம் எடுக்கும் சிஸ்டர் பிரிஜெட், பெட்டியை வாங்க வந்த உத்தமனைப் பார்த்தார்.

"அண்ணா, ஒரு ஆள் கொறையுது."

அந்த வாக்கியத்தை உத்தமன் வாழ்நாளில் தாண்டிப் போனதில்லை. உட்கார்ந்து கையை நீட்டினார். பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தார்கள். பிறகு தன் ரத்தத்தைத் தானே பெட்டியில் வைத்து, பூட்டி, மல்லேஸ்வரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

எட்டு மாதம் கழித்து ஹெப்பாளில் கன்னடம் பேசுகிறவர்களின் பட்டியலில் ஒரு ஆள் குறைந்தது. அங்கே இருந்த சந்திரம்மா, "கன்னட பருத்தா?" என்று, கன்னடம் வருமா எனக் கேட்டார். "பருத்தம்மா" என்றார் உத்தமன். பத்தாவது வரை கன்னட மீடியத்தில் படித்தவர். வண்டியை இடித்தவனைத் திட்டுவது முதல் தூக்கத்தில் உளறுவது வரை அவருக்குக் கன்னடம்தான் என்று சரளா சொல்வதுண்டு. சந்திரம்மா ஒரு டிக் போட்டார். அதற்கடுத்து ஜாலஹள்ளியில், நாற்பத்தைந்து தாண்டியும் சர்க்கரை நோய் இல்லாதவர்கள் வேண்டியிருந்தது. விரலைக் குத்திப் பார்த்தார்கள், சர்க்கரை இல்லை, எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் போனது. பனசங்கரியில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பட்டியலில் ஒன்று குறைந்தது. "எனக்கு சர்க்கரை இல்லியேம்மா" என்று உத்தமன் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அங்கிருந்த நர்ஸ் விஜி, எதற்கும் பார்த்துவிடலாமே என்று விரலைக் குத்தினார். இருநூற்று முப்பத்திரண்டு.

"ரொம்ப நல்லதாப் போச்சு அண்ணா," என்றார் விஜி முகமெல்லாம் மலர்ந்து. "உங்களுக்கு இருக்கு."

உத்தமனுக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் அது சந்தோஷமான செய்தி இல்லை என்று சரளா விளக்கினார். அன்றிலிருந்து காபியில் சர்க்கரை நின்றது.

ஐந்தாவது வருஷம் ஆவணியில், ஒரு வழியாக நாலு குவியலையும் முதல்முறை ஒன்றாகக் கொட்டினார்கள். கொட்டியதும் செய்ய வேண்டிய முதல் சோதனை, இதில் யாருக்கு யார் உறவு என்று பார்ப்பது. எல்லோரையும் எல்லோருடனும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். அன்னியருக்குப் பூஜ்யம் வரும். அப்பா பிள்ளைக்கு அரை. முழுசாக ஒன்று வந்தால், இரண்டும் ஒரே ஆள், அல்லது அச்சு அசலான இரட்டையர். ஸ்ரீரஞ்சனியின் திரையில், பெயருக்குப் பதில் கொடுத்திருந்த எண்களில் நாலு மட்டும், எதை எதோடு ஒப்பிட்டாலும் ஒன்று என்றே வந்து நின்றன. அடுகோடியிலிருந்து ஒன்று, ஹெப்பாளிலிருந்து ஒன்று, ஜாலஹள்ளியிலிருந்து ஒன்று, பனசங்கரியிலிருந்து ஒன்று.

அன்றைய அவசரக் கூட்டத்துக்கு உத்தமன் டிஸ்க் பெட்டிகளோடு வந்திருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்க ஆளில்லாததால் அறைக்குள்ளேயே ஓரமாக நின்றார். அடுகோடி ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியர் வெங்கடசாமி மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க லேப்ல இந்த மாதிரி நடக்க வாய்ப்பே இல்ல. வேற யாரோ ட்யூப மாத்திட்டாங்க. பனசங்கரியில ஒரு வார்த்தை ஒழுங்கா டைப் பண்ணத் தெரியாது, எனக்குத் தெரியும்."

பனசங்கரிக்காரர், தங்கள் ட்யூப் அடுகோடி வழியாகப் போகவே இல்லை என்றார். ஹெப்பாள்காரர், தாங்கள் கடைசியாகச் சேர்ந்ததால் தங்கள் மேல் பழி போடுவது எதிர்பார்த்ததுதான் என்றார். ஜாலஹள்ளியிலிருந்து வந்த அம்மையார் கொஞ்சம் யோசித்து, "ஒரே பிரசவத்துல பிறந்த நாலு பேரா இருந்தா?" என்றார்.

"ஒருத்தர் தமிழ், ஒருத்தர் கன்னடம்னு போட்டிருக்கே மேடம்," என்றார் ஸ்ரீரஞ்சனி. "ஒருத்தருக்கு சர்க்கரை இருக்கு, ஒருத்தருக்கு இல்ல. வயசும் நாலு விதம்."

"பிறந்த உடனே பிரிச்சு நாலு வீட்டுல வளர்த்திருக்கலாம். அப்படி இருந்தா உலகத்துலயே இது ஒண்ணுதான்." அறையில் நாலு பேரும் ஒரு பெரிய கட்டுரையை மனதில் எழுதத் தொடங்கியது போலிருந்தது.

உத்தமன் அன்று மாலை வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சரளாவிடம் இதை ஒரு சோகக் கதையாகச் சொன்னார். "ஒரே வயித்துல பொறந்த நாலு பேரு, சரளா. யாருக்கும் யாரையும் தெரியாது. ஒருத்தன் தமிழாம், ஒருத்தன் கன்னடமாம். ஒருத்தனுக்கு பாவம் சர்க்கரை."

சரளாவின் கத்தி நின்றது. "இன்னா வயசாம்?"

"நாப்பத்தெட்டு, அம்பது, அப்டி எழுதிக்கிது."

"எங்கெங்க ரத்தம் எட்தாங்களாம்?"

உத்தமன் ஆய்வகங்களின் பெயரைச் சொன்னார்.

"நீங்க எங்கெங்க ரத்தம் குட்த்தீங்க?"

உத்தமன் விரலை மடக்கினார். அடுகோடி. ஹெப்பாள். ஜாலஹள்ளி. நாலாவது விரல் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டது.

"ஆதார்ல ஒரு வயசு, ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒரு வயசு, கேக்கறவங்களுக்கு நீங்க சொல்றது ஒரு வயசு," என்றார் சரளா, சட்டையில் கோணலைக் கண்டுபிடித்தவர் குரலில். "நாலு பேரும் பிரியல. இங்கதான் குந்தினு இருக்காங்க."

வேலை போகும் என்பதைவிட, ஏமாற்றினான் என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவரை அரித்தது. மறுநாள் காலை பெட்டியை இறக்கிய கையோடு ஸ்ரீரஞ்சனியின் மேசைக்குப் போனார்.

"மேடம், அந்த நாலு பேரு..."

ஸ்ரீரஞ்சனி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். வியர்வையைப் பார்த்தார். நாலு எண்களும் அந்தந்தப் பட்டியலின் கடைசி எண்கள் என்பதையும், நாலு தேதிகளிலும் வேன் போயிருக்கிறது என்பதையும் அவரே இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தார். சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சொல்லாதீங்கண்ணா."

"இல்ல மேடம், அது வந்து..."

"நீங்க சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும். எனக்குத் தெரியக் கூடாது. எண்ணுக்குப் பின்னால யாருன்னு தெரியாம இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"அப்ப யார்ட்ட சொல்றது?"

ஸ்ரீரஞ்சனி கையை எடுக்காமலே ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "பொதுவா ஒரு விஷயம் சொல்றேன். உங்களுக்குன்னு இல்ல. யாராவது ஒருத்தர் ரெண்டு மூணு எடத்துல ரத்தம் குடுத்திருந்தா, குடுத்த எடத்துக்கே போய், ஒவ்வொரு எடத்துலயும் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் குடுக்கணும். அவங்களுக்கும் அந்த லேப் தலைவருக்கும் மட்டும் பேர் தெரியலாம். ஒருத்தர் இன்னொருத்தர்ட்ட சொல்லக் கூடாது."

சரளா கடிதம் எழுதினார். "என் பெயர் உத்தமன். நான் உங்களிடம் ரத்தம் கொடுத்தேன். இன்னும் மூன்று இடங்களிலும் கொடுத்தேன். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆள் குறைகிறது என்றார்கள்." நாலு பிரதி எடுத்து, வழக்கமான சுற்றிலேயே ஐஸ் பெட்டிகளோடு கொடுத்துவிட்டு வந்தார் உத்தமன்.

அதன் பிறகு நடந்த இரண்டு கூட்டங்களைப் போல அந்த மையத்தில் முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. நாலு ஆய்வகங்களுக்கும் ஆள் யார் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்க முடியாது.

"விஷயம் எங்களுக்குத் தெளிவாயிடுச்சு," என்றார் வெங்கடசாமி. "ஆனா சொல்றதுக்கில்ல."

"எங்களுக்கும் தெளிவு," என்றார் ஹெப்பாள்காரர். "நாங்களும் சொல்றதுக்கில்ல."

"நாலு பேர் ஒரே பிரசவம் இல்லைன்னு மட்டும் சொல்லலாமா?" என்று ஜாலஹள்ளி அம்மையார் ஏக்கத்தோடு கேட்டார். அதுவும் கூடாது என்று முடிவாயிற்று. இத்தனையும் பேசும்போது உத்தமன் அதே அறையில் டிஸ்க் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நாலு பேராசிரியர்களும் அவரைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாட்டில், ஒருவர் கூரையையும் ஒருவர் தன் செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்கடசாமி அவருக்கு எழுந்து நாற்காலி போடப் போய், போட்டால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று தானே அதில் உட்கார்ந்தார்.

இதற்கிடையில் ஸ்ரீரஞ்சனி வேறொன்றைக் கவனித்தார். ஒரே ஆளின் ரத்தத்தை நாலு ஆய்வகங்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், தங்கள் தங்கள் முறையில் படித்திருக்கின்றன. அப்படியென்றால் நாலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். காசு கொடுத்து ஏற்பாடு செய்தாலும் இவ்வளவு சுத்தமான சோதனை அமையாது. அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று ஏறக்குறைய ஒத்துப்போயின. நாலாவது பல்லாயிரம் இடங்களில் தனி வழி போயிருந்தது. அந்த நாலாவது, வெங்கடசாமியின் அடுகோடி. மூன்று வருஷம் முன்பே மற்றவர்கள் விட்டுவிட்ட ஒரு பழைய மென்பொருளை அவர் பிடிவாதமாக வைத்திருந்தார்.

ஸ்ரீரஞ்சனி ஒப்பீட்டைப் படமாக வரைந்து காட்ட, வெங்கடசாமி அதை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "மாத்திடலாம்," என்றார். ஐந்து வருஷக் கமிட்டிகளால் ஆகாதது அந்த ஒரு சொல்லில் ஆயிற்று. நாலு ஆய்வகங்களும் ஒரே முறையில் படிக்க ஒப்புக்கொண்டன.

ஆனால் அந்த ஒப்பீட்டை வெளியே காட்டவோ, பொதுக் கிடங்கில் வைக்கவோ ஒரு தடை இருந்தது. ரத்தத்துக்குரியவர் சம்மதிக்க வேண்டும். நெறிமுறைக் குழுவிலிருந்து ஒரு பெண்மணி வந்து, எட்டுப் பக்கப் படிவத்தை உத்தமனிடம் கொடுத்தார். உத்தமன் பழக்கதோஷத்தில் உடனே பேனாவை எடுத்தார்.

"படிச்சிட்டுப் போடுங்க," என்றார் அந்தப் பெண்மணி. "வேண்டாம்னும் சொல்லலாம். அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. காரணம்கூட சொல்ல வேண்டியதில்ல."

உத்தமன் அந்த வரியைப் படிவத்திலேயே தேடிப் பிடித்து இரண்டு முறை படித்தார். இதே வரி முன்பு கையெழுத்துப் போட்ட நாலு படிவங்களிலும் இருந்திருக்கும். அப்போது அவர் கண்ணில் படவில்லை. பேனாவைப் பையில் குத்திக்கொண்டார்.

"வூட்ல கலந்து சொல்றேன்," என்றார்.

ஆறு நாள் அவர் சொல்லவில்லை. வேனை ஓட்டினார், பெட்டியை இறக்கினார், வணக்கம் சொன்னார், சம்மதத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. நாலு பேராசிரியர்களும் தினமும் ஸ்ரீரஞ்சனிக்குப் போன் செய்து, யாரைப் பற்றி என்று சொல்லாமல், ஏதாவது தகவல் உண்டா என்று விசாரித்தார்கள். வீட்டில் சரளா எட்டுப் பக்கத்தையும் வரிவரியாகச் செக்கிங் பண்ணினார். மூன்றாம் பக்கத்தில் ஒரே வாக்கியம் இரண்டு தடவை வந்திருந்ததைச் சிவப்பு மையில் சுழித்தார்.

"உங்களுக்கு இன்னா தோணுது?" என்று ஐந்தாம் நாள் கேட்டார்.

உத்தமனை அப்படி யாரும் கேட்டதில்லை. "குடுக்கலாம்னுதான் தோணுது. நம்ம ஒடம்ப வச்சி நாலு பெரிய மனுசங்க சண்டைய நிறுத்திக்கினாங்க. ஆனா நம்பளா யோசிச்சிக் குடுக்கறோம், இல்ல?"

"அதான் வேணும்," என்றார் சரளா.

ஏழாம் நாள் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தார். மேற்கொண்டு ரத்தம் தேவைப்பட்டால் உங்களை அணுகலாமா என்ற கேள்வி அது. நெறிமுறைப் பெண்மணி மறுபடி கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதும் விதி. உத்தமன் தன் கைக்கு வந்த பிரதியில் அந்த டிக்கை வெளியே வந்தபின் இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில்தான் சிக்கல் வந்தது. ஒரு மொழிதான் எழுத இடம். "வூட்ல தமிழு, ஸ்டாண்ட்ல கன்னடம், மெக்கானிக் கடைல உர்து. எத்த எழுதறது?" என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டார். பெயர் இல்லாமல் தன்னிடம் வந்து சேர்ந்த அந்தக் கேள்வியைப் பற்றி ஸ்ரீரஞ்சனி ஒரு வாரம் யோசித்து, பொதுப் படிவத்தில் அந்தக் கட்டத்தை மூன்று மொழி எழுதும்படி அகலப்படுத்தினார். ரத்தம் எடுக்கும் முன் "வேறு எங்காவது கொடுத்திருக்கிறீர்களா?" என்ற கேள்வியையும் சேர்த்தார். நாலு ஆய்வகங்களும் சண்டை போடாமல் ஏற்றுக்கொண்ட முதல் திருத்தங்கள் அவை இரண்டும்தான்.

தை மாதம் கிரண் கேட்டுக்கொண்டிருந்த அதிவேக லைன் வந்தது. அடுகோடியின் தரவு நாற்பது நிமிஷத்தில் மல்லேஸ்வரம் வந்து சேர்ந்தது. உத்தமன் திரையில் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்த கிரண், "ரத்தம் கம்பியில போகாது உத்தமன்," என்றார். "இப்ப துமகூருல ஒரு ஆஸ்பத்திரியும் சேர்ந்திருக்கு. அடுத்த வாரத்துல இருந்து அங்கயும் நீங்கதான்."

முதல் துமகூர் பயணத்தில் ஆறு பெட்டிகள். போகும் வழியில் க்யாத்சந்திராவில் தட்டை இட்லிக் கடை வாசலில் வேனை நிழலில் நிறுத்தி, பெட்டிகளின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, உத்தமன் உள்ளே போய் உட்கார்ந்தார். இலையில் வெண்ணெய் உருக, சரளாவுக்குப் போன் போட்டார்.

"இங்க இட்லி தட்டு சைஸுல இருக்கு. உனக்குக் கட்டிக்கினு வரட்டா?"

"எத்தினி?" என்றார் சரளா.

"நீயே சொல்லு."

பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல் கேட்டது. "ரெண்டு போதும்," என்றார் சரளா. "சட்னிய தனியா கட்டச் சொல்லுங்க, போன தபா சாம்பார் மாதிரி சீட் பூரா ஊத்திக்கப் போவுது."